இருபதாம் தேதி கெடு, இருபத்தேழாம் தேதி வேலை

சக்கரத்தைக் கண்டுபிடித்த மனிதனிடம் எந்தத் தேதிக்குள் கண்டுபிடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை உட்கார்ந்து கண்டுபிடிக்கப் போகிறான் என்று அவனும் யாரிடமும் சொல்லவில்லை. அதனால்தான் சக்கரம் வந்து சேர அத்தனை ஆயிரம் வருஷம் ஆயிற்று. இந்த மாபெரும் உண்மையை உணர்ந்து, உலகத்துக்கே வழிகாட்டிய பெருமை ஒரு லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியைச் சேரும். மூன்று அறை, பதினொரு ஊழியர்கள், ஒரு இரும்பு அலமாரி. மற்ற கம்பெனிகளிலும் அலமாரி இருக்கும். ஆனால் அவற்றுக்குள் ஃபைல்தான் இருக்கும். இந்த அலமாரிக்குப் பின்னால் ஒரு கொள்கை இருந்தது.

முன்பெல்லாம் அந்த ஆபீஸ் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை தொங்கியது. எங்கேயாவது லிஃப்ட் நின்றுபோனால் கட்டடத்தின் பெயரையும் பக்கத்தில் ஒரு தேதியையும் எழுதுவார்கள். இருபது என்று எழுதினால் இருபதாம் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று அர்த்தம். ஆனால் படித்தவர்கள் எல்லாரும் இருபதாம் தேதி கிளம்பினால் போதும் என்றே படித்தார்கள். இருபதாம் தேதி சாயந்திரம் நாலு மணிக்கு ஒரே மெக்கானிக் ஒரே நேரத்தில் ஆறு கட்டடங்களுக்குக் கிளம்புவார்.

அந்த மெக்கானிக்கை எல்லாரும் 'ஸ்பேனர்' என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் அவருக்கு ஸ்பேனர் இருக்கும்.

"கடைசி நாள்னு ஒண்ணு இருக்கும்போது அதுக்கு முந்தின நாளுக்கு என்ன சார் மரியாதை?" என்பார் அவர்.

கம்பெனி தொடங்கிய இருபத்திரண்டு வருஷத்தில், கெடுவுக்கு ஒரு நாள் முன்னால் முடிந்த வேலை என்று ஒன்றுகூடக் கிடையாது. இதைச் சகிக்க முடியாமல்தான் மேனேஜர் திட்டமிடும் சாஃப்ட்வேர் ஒன்றை வாங்கினார்.

அதைக் கற்றுக்கொடுக்க ஒரு பெண் வந்தார். திரையில் இரண்டு பெட்டிகளைக் காட்டினார்.

"எப்போ செய்யப் போறீங்கங்கிறது ஒண்ணு. எந்தத் தேதிக்குள்ள முடிஞ்சிருக்கணும்ங்கிறது இன்னொண்ணு. ரெண்டையும் ஒரே தேதியில திணிச்சதுனாலதான் உங்களுக்கு இவ்வளவு பிரச்சினை. பிரிச்சு வைங்க."

நல்ல யோசனை. இதற்கப்புறமும் அவர் ஒன்று சொன்னார். செய்யும் நேரம் கெடுவுக்கு முன்னால் வருகிற மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும், மீறினால் அந்த வரி சிவப்பாகிவிடும் என்றார். அந்த நேரம் பார்த்து டீ வந்தது. அதனால் கம்பெனியின் காதில் விழுந்த கடைசி வார்த்தை 'பிரிச்சு வைங்க' என்பதாகவே நின்றுவிட்டது.

அன்று மதியமே ஒருவர் கையைத் தூக்கினார். நம் கதையின் நாயகர் அவர்தான். நாற்பத்தாறு வயது, இருபத்திரண்டு வருஷ அனுபவம், வெள்ளைப் பலகையில் தேதி எழுதிய கை.

"சார், ஒரே ஆள் ரெண்டு பெட்டியையும் பார்த்தா கை சும்மா இருக்காது. இதைப் பார்த்து அதை மாத்தும், அதைப் பார்த்து இதை மாத்தும். மறுபடியும் கலந்துடும். கெடுவுக்கு ஒரு ஆள், நேரத்துக்கு ஒரு ஆள். ஒருத்தர் ஸ்கிரீனை இன்னொருத்தர் பார்க்கவே கூடாது. நடுவுல அந்த அலமாரியை இழுத்துப் போட்டுடலாம்."

மேனேஜர் எழுந்து வந்து கை கொடுத்தார். நாயகருக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழும் 'கெடு அலுவலர்' என்ற பதவியும் கிடைத்தன. அன்றிலிருந்து அவர் 'கெடு சார்'. அலமாரிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த அம்மா 'நேரம் மேடம்'. அதற்கு முன் ஒன்பது வருஷம் அவர்கள் பக்கத்துப் பக்கத்து மேஜை. ஒரே தட்டில் பிஸ்கட் தின்றவர்கள். இப்போது அலமாரிக்கு மேலே பிஸ்கட்டை நீட்டினால்கூட, அதில் வேலை சம்பந்தமான துணுக்கு ஏதும் ஒட்டியிருக்கக் கூடாது.

முதல் வாரமே முப்பத்தோரு வரிகள் சிவப்பாயின.

"என்னய்யா இது, ஸ்கிரீன் முழுக்க ரத்தமா இருக்கு?" என்றார் மேனேஜர்.

"ரெண்டு பெட்டியையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சார் அது சிவக்குது" என்றார் கெடு சார். "ஒப்பிடுறதே கலப்புதானே?"

இரண்டாவது சான்றிதழ் கிடைத்தது. சிவப்பு அணைக்கப்பட்டது. இனி பெட்டி நிரம்பியிருந்தால் பச்சை. என்ன தேதியால் நிரம்பியிருக்கிறது என்பது பெட்டியின் சொந்த விஷயம்.

மூன்றாவதாக ஒரு விதி வந்தது. லிஃப்ட்டின் மோட்டார் அறைச் சாவிகள் எல்லாம் ஆபீஸில் பூட்டி வைக்கப்பட்டன. நேரம் மேடம் குறித்துக் கொடுத்த நேரத்தில், குறித்துக் கொடுத்த கட்டடத்துக்கு மட்டுமே சாவி வெளியே போகும். இதையும் எழுதிக் கொடுத்தவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. அதற்குச் சான்றிதழ் வரவில்லை. காகிதம் தீர்ந்துபோயிருந்தது.

இந்தப் பொற்காலத்தில்தான், அந்த மாதம் இரண்டாம் தேதி, ஒரு எட்டு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் நின்றுபோனது. ஏழாவது மாடியில் இருந்தது கெடு சாரின் சொந்தத் தங்கை. நிறைமாதம். டாக்டர் குறித்த தேதி இருபது. புருஷனுக்குக் கப்பலில் வேலை, மாதக் கடைசியில்தான் கரைக்கு வருவான்.

"அண்ணா, உங்க லிஃப்ட் படுத்துடுச்சு" என்று போனில் சொன்னாள்.

"எங்க லிஃப்ட் இல்லம்மா. நாங்க பராமரிக்கிற லிஃப்ட்."

"சரி, நீங்க பராமரிச்ச லிஃப்ட் படுத்துடுச்சு."

கெடு சார் உடனே தன் கடமையைச் செய்தார். தன் பெட்டியில் இருபது என்று போட்டார். காரணம் என்ற இடத்தில் 'ஏழாவது மாடியில் பிரசவம்' என்று எழுதினார். பெட்டி பச்சையானது. சீட்டில் கட்டடத்தின் பெயரை மட்டும் எழுதி அலமாரிக்கு மேலே நீட்டினார். அந்தப் பக்கம் ஒரு கை வாங்கிக்கொண்டது. நேரம் மேடம் காலியாக இருந்த முதல் நேரத்தைக் குறித்தார். அவருடைய பெட்டியும் பச்சையானது.

காலியான நேரம் கிடைப்பது அவ்வளவு சுலபம் இல்லை. ஸ்பேனரின் நாள் முழுக்க நிரம்பியிருந்தது. ஒன்பதிலிருந்து பத்து வரை 'இன்றைய நேரத்தைப் புரிந்துகொள்ளும் நேரம்'. பத்திலிருந்து பன்னிரண்டு வரை ஏதாவது ஒரு லிஃப்ட். மதியம் 'கவனம் குவிக்கும் நேரம்'. அதில் அவர் வேனில் உட்கார்ந்து கவனத்தைக் குவிப்பார். மூன்றிலிருந்து ஐந்து வரை 'நாளைய நேரத்துக்குத் தயாராகும் நேரம்'. ஆக ஒரு நாளைக்கு ஒரு லிஃப்ட். முன்பு கடைசி நாளில் ஆறு பார்த்த மனிதர்.

இதில் இன்னொரு விசேஷம். ஸ்பேனர் குடியிருப்பது அதே கட்டடத்தின் இரண்டாவது மாடியில். பழுதான பாகத்துக்கு மாற்று அவர் பையிலேயே இருந்தது. தினமும் காலையில் அந்தப் பையோடு செத்துக் கிடக்கும் லிஃப்ட்டைத் தாண்டி வேலைக்குப் போவார். சாயந்திரம் அதே பையோடு அதைத் தாண்டி வீட்டுக்குப் போவார்.

"என்னண்ணே, எவ்வளவு நேர வேலை இது?" என்று கெடு சாரின் தங்கை ஒரு நாள் படியில் மடக்கிக் கேட்டாள். ஒரு கை இடுப்பில், ஒரு கை கைப்பிடியில்.

"நாப்பது நிமிஷம்மா."

"பாகம்?"

"இதோ, பையில இருக்கு."

"அப்புறம் என்ன தடுக்குது?"

"சாவி இல்ல. சாவி நேரத்தோடதான் வரும். எனக்கு நேரம் குடுத்திருக்கிற தேதியை வெளியில சொல்லக்கூடாது."

"எங்க அண்ணன்கிட்டகூடவா?"

"முக்கியமா உங்க அண்ணன்கிட்ட. அவரு கெடு. கலந்துடும்."

ஸ்பேனரின் பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டு வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "இந்த மனுஷன் வீட்டுக் குழாய் ஒழுகுறதைப் பார்க்கவும் ஆபீஸ்ல நேரம் கேட்டிருக்காரும்மா" என்றாள்.

தங்கை மூச்சு வாங்க மேலே போய் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, அந்த மேடம்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொந்தத் தங்கச்சிக்காக விதியை மீற முடியுமாம்மா? விதியை எழுதினதே நான்தான்."

"எழுதினவனுக்கு அழிக்கத் தெரியாதா?"

"பேசாம எங்க வீட்டுக்கு வந்துடேன். அண்ணியும் இருக்கா."

"உங்க வீடு ஒன்பதாவது மாடி. அங்க லிஃப்ட்டை யாரு பார்க்கிறாங்க?"

கெடு சார் கொஞ்சம் யோசித்தார். "நாங்கதான்" என்றார்.

அதற்கு மேல் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆனால் அண்ணன் என்றால் அண்ணன்தான். பதினேழாம் தேதி அவருக்கு மனசு கேட்கவில்லை. பிஸ்கட் தட்டை எடுத்து அலமாரிக்கு மேலே நீட்டினார்.

"மேடம், குடும்ப விஷயம் ஒண்ணு. வேலை இல்ல, வெறும் குடும்பம். என் தங்கச்சிக்கு இருபதாம் தேதி பிரசவம்."

"ரொம்ப சந்தோஷம் சார். எங்க இருக்காங்க?"

"ஏழாவது மாடியில."

"எந்தக் கட்டடம்?"

கெடு சார் வாயைத் திறந்தார். கட்டடத்தின் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பெயரைச் சொன்னால் குடும்பம் வேலையாகிவிடும். சுவரில் மாட்டியிருந்த இரண்டு சான்றிதழ்களும் அவரையே பார்த்தன.

"நல்ல காத்தோட்டமான கட்டடம் மேடம்" என்றார்.

அடுத்து மேனேஜரிடம் போனார். மேனேஜர் கருணையோடு கேட்டார்.

"நேரத்தை முன்னால தள்ளச் சொல்றது முடியாதுய்யா. அது அவங்க பெட்டி. உங்க பெட்டியில என்ன வேணும்னாலும் செஞ்சுக்கலாம். கெடுவுக்குப் பக்கத்துல ஆச்சரியக்குறி போடுங்களேன்."

"எத்தனை சார்?"

"மூணு வரைக்கும் என் அதிகாரத்துல இருக்கு."

கெடு சார் மூன்றும் போட்டார். இருபது, பக்கத்தில் மூன்று ஆச்சரியக்குறி. அன்று அவர் கொஞ்சம் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

பத்தொன்பதாம் தேதி காலை எட்டரைக்குத் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, இடுப்பு ஒரு மாதிரி இழுக்குது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடவா? ஏழு மாடி இறங்கணும், மெல்ல இறங்கினா இறங்கிடுவேன்."

கெடு சார் காலண்டரைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷ அனுபவம் அத்தனையும் அவருக்குள் திரண்டு நின்றது.

"தேதி நாளைக்குத்தானேம்மா. இன்னைக்கு எதுக்கு வீணா இறங்கி ஏறிக்கிட்டு? கெடுவுக்கு முன்னால எதுவும் நடக்காது. நான் பார்த்ததே இல்ல. பேசாம படு."

"நிஜமாவா சொல்றே?"

"என் சர்வீஸ்ல ஒரு தடவைகூட நடந்ததில்லம்மா."

அவள் நம்பினாள். சின்ன வயசிலிருந்தே நம்பி வந்தவள்.

மதியம் இரண்டே முக்காலுக்கு மறுபடி போன் அடித்தது. இந்த முறை பேசியது ஸ்பேனரின் பெண்டாட்டி.

"சார், உங்க தங்கச்சி கத்துற சத்தம் எனக்கு ரெண்டாவது மாடிக்குக் கேக்குது. நான் மேல போய்க் கூட்டிட்டு இறங்குறேன். ஆம்புலன்ஸ் சொல்லியாச்சு. லிஃப்ட்டுக்கு ஏதாவது செய்ய முடியும்னா இப்ப செய்யுங்க."

கெடு சார் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். நாற்காலி உருண்டுபோய் அலமாரியில் மோதியது. அலமாரிக்கு மேலே பிஸ்கட் தட்டு ஆடியது.

"என்ன சார் ஆச்சு?" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"வலி வந்துடுச்சு மேடம். படியில இறங்குறா."

"ஏன் படியில?"

நேரம் மேடம் எழுந்து, அலமாரியைச் சுற்றிக்கொண்டு, அந்தச் சாஃப்ட்வேர் வந்த நாளிலிருந்து முதல் முறையாக, இந்தப் பக்கம் வந்தார். கெடு சாரின் திரையைக் குனிந்து பார்த்தார். கட்டடத்தின் பெயர். இருபது. மூன்று ஆச்சரியக்குறி. ஏழாவது மாடியில் பிரசவம்.

"இந்தக் கட்டடமா?" என்றார். "இதுக்கு நான் இருபத்தேழு குடுத்திருக்கேனே சார். எனக்குத் தெரியாதே."

"உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு எழுதினது நான்தான் மேடம்."

நேரம் மேடம் போய்ச் சாவிப் பெட்டியைத் திறந்து, சாவியைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார். எந்தப் பெட்டியிலும் எதையும் நிரப்பவில்லை. கம்பெனியின் முதல் கலப்பு அதுதான்.

வாசலில் வேனுக்குள் ஸ்பேனர் கவனத்தைக் குவித்துக்கொண்டிருந்தார். கெடு சார் கதவைத் தட்டிய தட்டில் கவனம் சிதறி எழுந்தார். இரண்டு பேரும் பன்னிரண்டு நிமிஷத்தில் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருவர் கையில் சாவி. இன்னொருவர் பையில் பாகம். பதினேழு நாளாகப் பிரிந்திருந்த இரண்டும் ஒரே வாசலில் நுழைந்தன.

மோட்டார் அறை எட்டாவது மாடிக்கும் மேலே. படியில் ஓடினார்கள். முதல் மாடி தாண்டினார்கள். இரண்டாவது மாடி தாண்டும்போது மேலேயிருந்து ஒரு அழுகுரல் வந்தது. புத்தம் புதிய குரல். யாரிடமும் நேரம் கேட்காத குரல்.

ஸ்பேனர் நின்றுவிட்டார். கெடு சார் நிற்கவில்லை. மூன்றாவது மாடியைத் தாண்டி, படி திரும்புகிற இடத்தில், யார் வீட்டு மெத்தையோ விரித்திருந்தது. சுவரில் சாய்ந்து தங்கை உட்கார்ந்திருந்தாள். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. ஸ்பேனரின் பெண்டாட்டி ஒரு துண்டில் எதையோ சுற்றிக்கொண்டிருந்தாள். அந்த ஏதோ ஒன்று கையைக் காலை உதைத்தது.

"பொண்ணு" என்றாள் ஸ்பேனரின் பெண்டாட்டி. பிறகு கீழ்ப்படிவரை பையோடு வந்து நின்ற புருஷனைப் பார்த்தாள். "அந்தப் பையை அங்கேயே வெச்சுட்டு, சுடுதண்ணி கொண்டு வாங்க. அதுக்கு நேரம் இருக்கா?"

கெடு சார் தங்கையின் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். அவர் கையில் இன்னும் சாவி இருந்தது.

தங்கை கண்ணைத் திறந்தாள். "அண்ணா."

"சொல்லும்மா."

"கெடுவுக்கு முன்னால எதுவும் நடக்காதுன்னியே."

அவர் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு வந்து, படி திருப்பத்தில் அது திரும்பாது என்று கண்டு, தாயை ஒரு நாற்காலியிலும் பிள்ளையை நர்ஸின் கையிலுமாக இறக்கிக்கொண்டு போனார்கள்.

சாவி அன்று சாயந்திரமே திரும்பிப் பெட்டிக்குள் போயிற்று. மேனேஜர் வற்புறுத்திக் கேட்டுக்கொண்டார். ஒரு கலப்பு நடந்துவிட்டது, சரி, மனிதாபிமானம். அதையே சாக்காக வைத்து லிஃப்ட்டையும் சரி பண்ணினால் இரண்டு கலப்பு ஆகிவிடும். இருபத்திரண்டாம் தேதி தங்கை பிள்ளையை எடுத்துக்கொண்டு ஏழு மாடி ஏறினாள். மாடிக்கு மாடி உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். ஸ்பேனர் ஒரு தோளில் அவள் பெட்டியையும் மறு தோளில் அந்தப் பையையும் சுமந்துகொண்டு கூடவே ஏறினார். இருபத்தேழாம் தேதி காலை பத்து மணிக்கு அவருக்குச் சாவி வந்தது. பத்து நாற்பதுக்கு லிஃப்ட் ஓடியது. சொன்ன நேரம் தவறவில்லை.

இதற்கிடையில் கெடு சார் தன் பெட்டியில் ஒரு காரியம் செய்திருந்தார். இருபதாம் தேதி காலையில் ஆபீஸுக்கு வந்து திரையின் முன்னால் உட்கார்ந்தார். காரணம் என்ற இடத்தில் 'ஏழாவது மாடியில் பிரசவம்' அப்படியே நின்றது. பக்கத்தில் 'முடிந்தது' என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினார். தேதி கேட்டது. பத்தொன்பது என்று போட்டார். முடிந்துவிட்டதுதானே. பொய்யா சொல்ல முடியும்?

சாஃப்ட்வேருக்கு அது போதும். கெடு வேறு, வேலை வேறு. வேலை இன்னும் தொடங்கவே இல்லை என்பதைக் கெடுப் பெட்டி எட்டிப் பார்க்கவில்லை. அதற்கு அப்படி ஒரு கெட்ட பழக்கம் கிடையாது.

முப்பதாம் தேதி மாதாந்திரக் கூட்டம். பதினொரு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் திரையில் அறிக்கையை ஏற்றினார். மேலிருந்து கீழ்வரை பச்சைப் பசேல். நடுவில் ஒரு வரி மட்டும் அதையும் மிஞ்சிய பச்சையில் மினுங்கியது. அப்படி ஒரு நிறம் சாஃப்ட்வேரில் இருப்பதே யாருக்கும் அதுவரை தெரியாது. மேனேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். மறுபடி படித்தார். கண் கலங்கிவிட்டது.

"கெடு இருபது. முடிந்தது பத்தொன்பது. ஒரு நாள் முன்னதாக!" என்றார். "இருபத்திரண்டு வருஷம்! முதல் தடவை! இதுக்காகத்தானே நாம எல்லாத்தையும் பிரிச்சோம்! யாரு அது? எழுந்து நில்லுங்க, எல்லாரும் பார்க்கட்டும்!"

எல்லாரும் கை தட்டினார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. ஸ்பேனர் தன் சட்டைப் பையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார். நேரம் மேடம் தரையைப் பார்த்தார்.

கடைசியில் கெடு சார் எழுந்து நின்றார்.

"என் தங்கச்சி சார்."

"பிரமாதம்! இந்த மாதிரி ஆளுங்கதான்யா வேணும்!" மேனேஜர் பேனாவைத் திறந்து, புதுச் சான்றிதழ் ஒன்றை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "எந்தப் பிரிவு அவங்க?"

"மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல சார்."